பார்வையில்லாத குட்டிகளும் பல நாய்கள் உள்ள வீடும்: வாசகர் கேள்வி – பதில்

தாயில்லாத நாய்க்குட்டிகளை, நிரந்தர வீடு கிடைக்கும் வரை தம் வீட்டில் வைத்து வளர்க்கும் ‘ஃபாஸ்டர்’ குடும்பங்கள் எழுதும் கடிதங்களில் பார்வையில்லாத குட்டிகளைப் பற்றியவை அதிகமாகிவிட்டதால், இந்த இதழில் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று நாய்கள் இருக்கின்றன. வயதான லாப்ரடார் பெண், நான்கு வயது ராஜபாளையம் ஆண், கருத்தடை செய்த நாட்டு நாய் ஒன்று. கட்டட வேலை நடக்கும் இடத்தில் தாயை இழந்து கிடந்த இரண்டு குட்டிகளை எடுத்து வந்திருக்கிறோம். ஐந்து வார வயது இருக்கும் என்கிறார் மருத்துவர். ஒன்றுக்குப் பார்வையே இல்லை. மற்றதற்கு வெளிச்சம் மட்டும் தெரிகிறது. மூன்று நாய்களும் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் நிற்கின்றன. எப்போது ஒன்றாக விடலாம்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குட்டிகளுக்குக் கண் தெரியவில்லை என்பதைவிட, அவை தெருவிலிருந்து வந்த, தடுப்பூசி போடாத குட்டிகள் என்பதைத்தான் நீங்கள் முதலில் கவனிக்க வேண்டும். குடலைத் தாக்கி வாந்தியும் கழிச்சலும் உண்டாக்கும் பார்வோ கிருமி தொற்றிய குட்டிக்கு நோய் வெளியே தெரிய ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். டிஸ்டெம்பர் என்ற மற்றொரு தொற்றுநோய் அதைவிட மெதுவாக வெளிப்படக்கூடியது. விழித்திரையையும் பார்வை நரம்பையும் தாக்கிப் பார்வையைப் பறிக்கும் நோய்களில் அதுவும் ஒன்று. ஆகவே, பார்வை எதனால் போனது என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லாதவரை, 2 வாரம் என்று பொதுவாகச் சொல்லப்படும் தனிமைக் காலத்தை 3 அல்லது 4 வாரமாக நீட்டிக்கொள்வது உங்கள் மூன்று நாய்களுக்கும் பாதுகாப்பு. அவற்றின் வருடாந்திரத் தடுப்பூசி அட்டையை இன்றே எடுத்துப் பார்த்துவிடுங்கள். குட்டிகளுக்கு இந்த நோய்களுக்கெல்லாம் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதுக்குள் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை என்று 16 வார வயது வரை தொடரும். வெறிநோய்த் தடுப்பூசி 3 மாதத்தில் போடப்படும்.

தனிமை என்றால் கதவைச் சாத்திவிடுவது மட்டுமன்று. காலையில் பெரிய நாய்களுக்குச் செய்ய வேண்டியவற்றை முதலில் முடித்துவிட்டு, பிறகே குட்டிகளின் அறைக்குள் போக வேண்டும். அந்த அறைக்கென்று தனிச் செருப்பு, தனித் துடைப்பம், தனித் துணி இருக்க வேண்டும். பார்வோ கிருமி ஃபினாயிலுக்குச் சாகாது என்பது பலருக்குத் தெரியாது. கழிவை முழுக்க எடுத்துக் கழுவிய பிறகு, ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். குட்டிகளை அப்போது அறையின் மறுபக்கத்தில் வைத்துக்கொண்டு, தரை நன்றாகக் காய்ந்த பிறகே அந்தப் பக்கம் விட வேண்டும்.

இந்தத் தனிமைக் காலம் வீணாகிவிடக் கூடாது. மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரைதான் ஒரு குட்டி இந்த உலகத்தில் எது பழகியது, எது பயப்பட வேண்டியது என்று தரம் பிரித்துக்கொள்கிறது. பார்வையில்லாத குட்டிக்கு அந்தத் தரம் பிரித்தல் முழுவதும் காதாலும் மூக்காலும் காலாலும் நடந்தாக வேண்டும். குக்கர் விசில், மிக்ஸி, வாசலில் பைக் நிற்கும் சத்தம் எல்லாம் முதலில் கதவுக்கு அப்பாலிருந்து கேட்கட்டும். கேட்கும் வேளையில் குட்டியின் வாயருகே ஏதாவது தின்பதற்கு இருக்கட்டும். ஒரு சாக்கு, ஒரு கோரைப்பாய், ஒரு தகரத் தட்டு, ஈர மணல் என்று வெவ்வேறு தரைகளில் நடக்கவிடுங்கள்.

நாய்களின் அறிமுகத்தையும் மூக்கிலிருந்தே தொடங்கலாம். தனிமைக் காலம் முடியும் தறுவாயில், மருத்துவர் குட்டிகளுக்கு நோயில்லை என்று சொன்ன பிறகு, லாப்ரடார் படுத்த துணியைக் குட்டிகளின் அறையிலும் குட்டிகள் படுத்த துணியைக் கூடத்திலும் மாற்றிப் போடுங்கள். முகர்ந்து பார்த்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கத் தொடங்கினால், முதல் சந்திப்புக்கு நேரம் வந்துவிட்டது என்று பொருள். மாலை நடை முடிந்து களைத்து வந்த வேளையில், மூன்றில் நிதானமான ஒன்றை மட்டும், பெரும்பாலும் அது லாப்ரடாராகத்தான் இருக்கும், தோல்வாரில் பிடித்துக்கொண்டு உள்ளே விடுங்கள். ராஜபாளையத்தின் முறை கடைசியில் வரட்டும். வேகமாகச் சிற்றுயிர் எது ஓடினாலும் துரத்த வேண்டும் என்பது அந்த இனத்தின் இரத்தத்திலேயே இருப்பது.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: குட்டியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மற்ற நாய்களுக்குக் காட்டாதீர்கள். உயரத்தில் இருப்பதை எட்டிப் பார்க்கப் பெரிய நாய் எகிறும். குட்டிக்கோ முகம் தெரியாத மூச்சு நாலு பக்கமிருந்தும் வரும், ஒதுங்க இடமிருக்காது. தரையில், முதுகுப்பக்கம் சுவரோ உங்கள் காலோ இருக்கும்படி விட்டால், தான் விலக நினைக்கும்போது அதனால் விலக முடியும். ஐந்து நிமிடம் போதும். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

கேள்வி: பொமரேனியன் என்று சொல்லி வாங்கி, வளர்ந்த பிறகு ஸ்பிட்ஸ் என்று தெரிந்துகொண்ட ஏழு வயதுப் பெண் நாய் எங்களிடம் உள்ளது. இதுவரை வந்த எல்லா ஃபாஸ்டர் குட்டிகளையும் தாய்போலப் பார்த்துக்கொண்டாள். இப்போது வந்திருக்கும் பார்வையில்லாத குட்டியைக் கண்டால் மட்டும் உறுமுகிறாள். நேற்று காதைக் கவ்வி அலறவைத்துவிட்டாள். அதட்டிப் பார்த்தேன், பலனில்லை. அவளுக்கு இந்தக் குட்டி மேல் என்ன வன்மம்?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வன்மம் ஒன்றுமில்லை. பார்வையில்லாத குட்டி வந்த வீட்டில் உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. நாற்காலியில் இடித்துக்கொள்வதையெல்லாம் குட்டி ஒரு வாரத்தில் சரிசெய்துகொள்ளும்.

நாய்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி கண்ணுக்காகச் சொல்லப்படுவது. தனக்குப் பிடிக்காத முறையில் ஒரு குட்டி நெருங்கும்போது, பெரிய நாய் முதலில் செய்துகொண்டிருந்ததை நிறுத்தி விறைக்கும், வாய் மூடிக்கொள்ளும். பிறகு தலையைத் திருப்பி, வெண்விழி தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். பிறகு மேலுதடு ஏறிப் பல் தெரியும். அதன் பிறகே உறுமல். அதற்கும் பிறகுதான் பல் படும். கண் தெரிந்த குட்டி, விறைப்பைப் பார்த்த உடனேயோ பல்லைப் பார்த்த உடனேயோ குழைந்து பின்வாங்கிவிடும். உங்கள் குட்டியோ முதல் மூன்று எச்சரிக்கைகளையும் கடந்து, நேராகப் போய் அவள் மூஞ்சியில் மோதுகிறது. உங்கள் ஸ்பிட்ஸின் கணக்கில், மூன்று முறை நாகரிகமாகச் சொல்லியும் கேட்காத முரட்டுப் பிள்ளை அது. இதுவரை வந்த குட்டிகளிடம் அவள் தாயாக இருந்ததும் இப்போது சிடுசிடுப்பதும் ஒரே குணத்தின் இரு பக்கங்கள்தான்: அவள் சொன்னதை அவை கேட்டன, இது கேட்கவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாய்களிடையே கண்ணை விலக்கிக்கொள்வது மரியாதை. அசையாமல் முகத்துக்கு நேராகப் பார்ப்பது சவால். பார்வையில்லாத குட்டி, சத்தம் வரும் திசைக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு, விழி நகராமல் நிற்கும். அது உற்றுக் கேட்கிறது. பெரிய நாய்க்கோ அது முறைப்பாகத் தெரிகிறது.

இதனால்தான் உறுமலை அதட்டக் கூடாது என்கிறேன். அவளுடைய எச்சரிக்கைகளில் அந்தக் குட்டியை எட்டக்கூடியது அது ஒன்றுதான். அதையும் நீங்கள் வாயடைத்துவிட்டால், சத்தமில்லாமல் கடிக்கும் நாயையும் முன்னறிவிப்பில்லாமல் கடி வாங்கும் குட்டியையும் உருவாக்கிவிடுவீர்கள். மாறாக, உறுமல் வரை போகாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. குட்டியின் கண்ணுக்கு எட்டாத அந்த முதல் மூன்று படிகளையும் அதற்காக நீங்கள் பார்க்க வேண்டும். அவள் வாயை மூடி விறைத்த கணத்தில், அவளைப் பெயர் சொல்லி உற்சாகமாக அழைத்து, வந்தவுடன் ஏதாவது கொடுங்கள். நாளடைவில், குட்டி நெருங்கினால் எழுந்து உங்களிடம் வந்துவிடலாம் என்ற வழி அவளுக்குக் கிடைத்துவிடும். குட்டி ஏற முடியாத ஓரிடம், ஒரு கட்டிலோ திண்ணையோ, அவளுக்கென்று இருக்கட்டும்.

அவள் கழுத்துப்பட்டையில் ஒரு மணியையும் கட்டுங்கள். பலர் குட்டியின் கழுத்தில் மணி கட்டுகிறார்கள். அது மனிதர்களுக்கு வசதியே தவிர குட்டிக்குத் தொல்லை, ஏனென்றால் அது நம்பியிருக்கும் காதருகிலேயே ஓயாத சத்தம். மணி இருக்க வேண்டியது கண் தெரிந்த நாய்களின் கழுத்தில்தான். ஒன்றுக்குமேல் நாய்கள் இருந்தால், ஒன்றுக்குக் கொலுசு முத்து, ஒன்றுக்கு மாட்டுச் சலங்கை என்று ஒலி மாறுபடட்டும். சில நாளில், சலங்கை ஒலித்தால் வாலாட்டிக்கொண்டு எதிரே போவதும் கொலுசு ஒலித்தால் சுவரோரம் ஒதுங்கி வழிவிடுவதுமாகக் குட்டி ஆளறிந்து நடப்பதை நீங்களே பார்க்கலாம்.

காதில் பல் பட்ட காயத்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆளில்லாத நேரத்தில் இருவரையும் ஒரே அறையில் விடுவது, நிலைமை எவ்வளவு சுமுகமானாலும், குட்டி ஆறு மாதம் தாண்டும் வரை வேண்டாம்.

கேள்வி: பிறந்து பதினாறு நாளான நான்கு குட்டிகளில் ஒன்று மட்டும் சுவரில் முட்டிக்கொள்கிறது. கையை ஆட்டினால் இமைப்பதில்லை. ஒரு கண் வீங்கி இமையோரம் சீழ் தெரிகிறது. நந்தியாவட்டைப் பூச்சாறு விடலாம் என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா; மருந்துக்கடைக்காரர் ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார்.
– ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: இரண்டையும் விடாதீர்கள், இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். கண் திறக்கும் பருவத்தில் இமைக்குள் சீழ் கட்டுவது, தெருவில் பிறக்கும் குட்டிகள் பார்வை இழப்பதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று. நேரத்தோடு இமையைப் பிரித்துச் சுத்தம் செய்து மருந்திட்டால் கண் பிழைத்துவிடும். தாமதித்தால் கருவிழி புண்ணாகி உடைந்துபோகும். இமையை நீங்களாகப் பிரிக்க முயல வேண்டாம். காய்ச்சி ஆறிய வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் ஒற்றியெடுப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மருந்துக்கடையில் கொடுத்ததில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், கருவிழியில் ஏற்கெனவே உள்ள புண் அதனால் ஆழமாகிவிடும். தாய்ப்பால், பூச்சாறு, தேன் எதுவும் சீழுக்கு மருந்தாகாது.

பார்வை இருக்கிறதா என்பதை இப்போது முடிவு செய்ய முடியாது. குட்டிகளுக்குக் கண் திறப்பது 10 முதல் 14 நாளில். மங்கல் விலகித் தெளிவாகத் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். கையை முகத்தருகே ஆட்டினால் இமைப்பது பிறவியிலேயே வருவதன்று, குட்டி பழகிக் கற்றுக்கொள்வது. மூன்று மாதத்துக்கு முன் அது இல்லாததை வைத்து எதையும் சொல்லிவிடக் கூடாது. இரண்டு மாத வயதில், ஓசையில்லாமலும் காற்று அசையாமலும் ஒரு பஞ்சுருண்டையை அதன் முன்னே விழவிட்டுப் பாருங்கள். தலை அதைத் தொடர்ந்தால் பார்வை இருக்கிறது.

இதையொட்டி எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உண்ணிக்கும் சொறிக்கும் என்று ஐவர்மெக்டின் ஊசியைக் கணக்குப் பார்க்காமல் குட்டிகளுக்குப் போட்டுவிடுகிறார்கள். அளவு மீறினால் அது தள்ளாட்டத்தோடு பார்வை இழப்பையும் கொண்டுவரும். கண்ணின் பாவை விரிந்து, குட்டி திடீரென்று எதிலும் முட்டிக்கொள்ளும். இந்த வகைப் பார்வை இழப்பு, மருந்தின் வேகம் தணிந்ததும், பெரும்பாலும் சில நாள்களில் தானாகத் திரும்பிவிடும். ஆகவே, ‘நேற்று வரை நன்றாக இருந்தது’ என்று யாராவது ஒரு குட்டியை உங்களிடம் ஒப்படைத்தால், அதற்கு முந்தைய நாள் என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்களுடையது காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு. நடுவில் இரண்டு படி கீழே இறங்கும் முற்றம், வரிசையாகத் தூண்கள், ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி, கொல்லையில் கிணறு. இந்த வீட்டில் பார்வையில்லாத குட்டியை வளர்க்க முடியுமா? எங்களிடம் இரண்டு கோம்பை நாய்களும் உண்டு.
– ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: முடியும். சொல்லப்போனால், நாளுக்கொரு தினுசாகச் சாமான் இடம் மாறும் சின்ன அடுக்குமாடி வீட்டைவிட, நூறு வருடமாக எதுவும் நகராத உங்கள் வீடு அதற்கு வசதி. கிணற்றை மட்டும் குட்டி வரும் முன்பே கம்பிவலை போட்டு மூடிவிடுங்கள். கைப்பிடிச் சுவர் போதாது, விளையாட்டில் கோம்பைகளைத் துரத்திக்கொண்டு ஏறிவிடும்.

2022-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நாயின் மூளையில் மோப்பப் பகுதியிலிருந்து, பார்வையைக் கையாளும், மூளையின் பின்பக்கத்துப் பகுதிக்கு நேரடி நரம்பிணைப்பு இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். பார்வையில்லாத நாய்கள் வீட்டுக்குள் தடுமாறாமல் திரிவதைப் பார்த்து வியந்தவர்களுக்கு அது ஓரளவு விளக்கமாயிற்று. அந்த மூக்குக்கு நீங்கள் உதவலாம். முற்றத்துப் படிக்கு ஓரடி முன்னால், சுற்றிலும் தேங்காய்நார் மிதியடிகளைப் போடுங்கள்; நார் காலில் பட்டால் அடுத்து பள்ளம் என்று குட்டி கற்றுக்கொள்ளும். தண்ணீர்ச் சட்டிக்கு அருகில் குட்டியின் வாய்க்கு எட்டாத உயரத்தில் ஒரு வெட்டிவேர்க் கட்டைத் தொங்கவிட்டால், வீட்டின் எந்த மூலையிலிருந்தும் அது சட்டியைக் கண்டுபிடிக்கும். அந்துருண்டையையும் கற்பூரத்தையும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள்; இரண்டும் நாய்க்கு நஞ்சு. ஃபினாயில் ஊற்றித் துடைப்பதையும் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த நெடியில் குட்டியின் வாசனைத் தடங்கள் அத்தனையும் அழிந்து, முந்தைய நாள் தெரிந்த கூடம் இன்று அதற்குப் புது ஊராகிவிடும். வெள்ளி, செவ்வாய் வீடு கழுவும் வழக்கமுள்ள வீடுகளில், அந்த நாள்களில் மட்டும் குட்டி ஏன் மூலையிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டு எழுதியவர்களுக்கும் இதுவே பதில்.

அறிமுகத்தின்போது ஒரே இடத்திலிருந்து தொடங்க வேண்டும். படுக்கையில் விட்டு, அங்கிருந்து சட்டிக்கு, சட்டியிலிருந்து வாசலுக்கு என்று, தரையைத் தட்டி அழைத்து நடக்கவைக்க வேண்டும். பாவம் என்று தூக்கிக்கொண்டு போய் வேறிடத்தில் இறக்கிவிட்டால், எங்கிருந்து எங்கே வந்தோம் என்ற கணக்கு அதற்கு அறுந்துவிடும். தூக்கியே ஆக வேண்டுமானால் படுக்கையிலேயே திரும்ப இறக்குங்கள்.

நிலைப்படியை அது கற்கும் விதம் பார்க்கத்தக்கது. முதல் நாள் மோவாய் இடிக்கும். பிறகு ஓர் அடி முன்னால் நின்று, மூக்கைத் தரையோடு வைத்து, மீசை மயிர் மரத்தில் உரசும் வரை மெல்ல நகரும். உரசியதும் ஒரு முன்னங்காலைத் தூக்கி, படியின் மேல் விளிம்பைத் தேடி வைத்து, அமுக்கிப் பார்த்து, அதன் பிறகு உடலை ஏற்றும். அந்த நேரத்தில் வீட்டார் அனைவரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். ஏறுவதற்கு ‘படி’ என்றால் தாத்தா முதல் பேரன் வரை ‘படி’தான், ஒருவர் ‘ஏறு’ என்றும் ஒருவர் ‘தாண்டு’ என்றும் சொன்னால் பயனில்லை. ‘நில்’ என்ற சொல்லுக்கு அசையாமல் நிற்கப் பழக்குவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம்.

கோம்பைகள் காவல் நாய்கள். அந்நிய வாடைக்கு எளிதில் சூடேறுபவை. தாம்பரம் வாசகிக்குச் சொன்ன முறையில் ஒவ்வொன்றாக அறிமுகம் செய்யுங்கள்.

கேள்வி: சாப்பாட்டு நேரத்தில் எங்கள் வீடு போர்க்களம். நான்கு நாய்கள், ஒரு பார்வையில்லாத குட்டி. அது எல்லார் தட்டிலும் வாய் வைக்கிறது. கழிப்பிடப் பழக்கமும் வரவில்லை.
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: குட்டிக்குக் கதவடைத்த தனியறையில் சாப்பாடு; தட்டுகளை எடுத்துக் கழுவிய பிறகே கதவு திறக்க வேண்டும். பெரிய நாய்கள் கடித்து மிச்சம் வைத்த எலும்பு தரையில் கிடக்கக் கூடாது, ஏனெனில் குட்டி தெரியாமல் அதன்மேல் கால் வைத்தாலே சண்டை வரும். கழிப்பதற்குச் செய்தித்தாளைவிட மணல் நிரப்பிய தாழ்வான தட்டு நல்லது. காலில் மணல் பட்டதும் இடம் தெரியும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும் கூட்டிப் போனால் இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். பார்வையில்லாத குட்டி தன் கழிவிலேயே நடந்துவிடும் என்பதால் உடனுக்குடன் எடுப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கேள்வி: குட்டியின் சுருங்கிப்போன இரு கண்களையும் அறுவை செய்து எடுத்துவிடலாம் என்கிறார் மருத்துவர். ‘இருக்கிற கண்ணையும் பிடுங்குவதா’ என்று மாமியார் அழுகிறார். எனக்கும் மனம் ஒப்பவில்லை.
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: பார்வையில்லாமல் சுருங்கிய கண், வலியில்லாமலும் சீழ் பிடிக்காமலும் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் இமை உள்மடிந்து மயிர் உரசி அடிக்கடி புண்ணானாலும், உள்ளழுத்தம் ஏறிக் கண் பிதுங்கினாலும், அது ஓயாத தலைவலி உள்ள மனிதரின் நிலை. நாய் அழுவதில்லை, உறங்கிக்கொண்டே இருக்கும், தலையைத் தொட்டால் சீறும். அந்தச் சீற்றத்தைக் குணம் என்று எண்ணி வீட்டிலுள்ள மற்ற நாய்களும் ஒதுங்கிவிடும். கண்ணை எடுத்து இமையைத் தைத்துவிட்ட சில நாளில் இத்தகைய குட்டிகள் துள்ளி விளையாடத் தொடங்குவதைப் பார்த்த பிறகு பல மாமியார்கள் மனம் மாறியிருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டாவது கருத்து வேண்டுமானால், திருநெல்வேலியிலேயே அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு கல்லூரிகளை அணுகலாம்.

அறுவைக்குப் பிறகு 10 முதல் 14 நாள் மற்ற நாய்கள் அருகே வரக் கூடாது. அன்பு மிகுந்து தையலை நக்கிப் பிரித்துவிடும். வழக்கமான பிளாஸ்டிக் கூம்பைக் கழுத்தில் மாட்டினால், மீசை உரசி வழியறியும் குட்டிக்கு அந்த வழியும் அடைபட்டுவிடும். அந்த நாள்களில் சிறிய, வெறுமையான இடத்தில் வைத்திருந்தால் முட்டிக்கொள்வது குறையும்.

கேள்வி: விளையாட்டில் குட்டி என் மகன் கையைக் கடித்து இரத்தம் வந்துவிட்டது. இரண்டு மாதக் குட்டிதானே, ஊசி தேவையா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தேவை. வெறிநோய்க்கு வயது வரம்பு கிடையாது. தெருவிலிருந்து எடுத்த, தாயின் நிலை தெரியாத குட்டி என்றால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, மஞ்சளோ சுண்ணாம்போ எதையும் அப்பாமல், அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ உடனே போங்கள். ஊசி அங்கே இலவசம். தொடர்ந்து ஃபாஸ்டர் செய்யும் குடும்பத்தார் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்வது பற்றியும் அப்போதே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

மகனுக்கு ஒரு பழக்கம் சொல்லித்தர வேண்டும்: பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகே குட்டியைத் தொட வேண்டும். தூக்கத்தில் தொட்டால் எந்தப் பார்வையில்லாத நாயும் திடுக்கிட்டுத் திரும்பிக் கவ்வும்.

கேள்வி: வாழ்நாள் முழுவதும் இருட்டில் விடுவதைவிடக் கருணைக்கொலை செய்துவிடுவது மேல் அல்லவா?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அல்ல. பிறவியிலேயே பார்வையில்லாத குட்டிக்கு, தான் இழந்தது என்று ஒன்று கிடையாது. டிஸ்டெம்பர் மூளைக்கு ஏறி வலிப்பு நிற்காத குட்டியின் நிலை வேறு. அதை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும். வெறும் பார்வையின்மை அதற்குக் காரணமாகாது.

கேள்வி: நான்கு மாதமாக வளர்த்த பார்வையில்லாத பெண் குட்டியை ஒரு குடும்பம் கேட்கிறது. எங்கள் வீட்டைப் பழகியதை வேறிடத்துக்கு அனுப்பினால் தவித்துப்போகாதா? எங்கள் நாட்டு நாயின் மணிச்சத்தத்தைப் பின்தொடர்ந்தே எங்கும் போகிறது.
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: முதல் சில நாள் தவிக்கும். ஒரு வீட்டைப் பழகத் தெரிந்த குட்டி அடுத்த வீட்டையும் பழகும். சில வாரத்தில் அங்கேயும் படிகளை எண்ணிவிடும். நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. பெரிய நாயின் மணியைப் பின்தொடர்வது பார்க்க அழகுதான். ஆனால் அந்த நாய் இல்லாமல் ஓர் அடியும் எடுக்காத நிலைக்கு வந்துவிட்டால், தத்துக் கொடுப்பதும் கடினம், உங்கள் நாய்க்கும் அது கேட்டுப் பெறாத வேலை. தினமும் ஒரு வேளை, நாட்டு நாயை வெளியே கூட்டிப் போயிருக்கும் நேரத்தில், குட்டி தனியாக வீட்டைச் சுற்றி வரட்டும். அது கைவந்த பிறகு கொடுங்கள்.

கேட்கும் குடும்பத்தின் வீட்டை நேரில் போய்ப் பாருங்கள். மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா, கிணறோ திறந்த தொட்டியோ இருக்கிறதா, வாசலுக்குக் கதவு உண்டா என்பவற்றைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். அங்கே நிதானமான நாய் ஒன்று ஏற்கெனவே இருந்தால் நல்லது. சண்டைக்கார நாய் இருந்தால், குடும்பம் எவ்வளவு நல்லதானாலும் வேண்டாம். கருத்தடை செய்வதற்கான தேதியை மருத்துவரிடம் பேசி வைத்து, அதையும் அவர்களிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அனுப்பும்போது அதன் படுக்கைத் துணியைத் துவைக்காமல் கொடுங்கள். நீங்கள் பழக்கிய ‘படி’, ‘நில்’ போன்ற சொற்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தண்ணீர்ச் சட்டி அருகே வெட்டிவேர் கட்டியிருந்தால் அதையும் கழற்றிக் கொடுத்தனுப்புங்கள்.

கேள்வி: ஏற்கெனவே ஐந்து நாய்கள், இரண்டு பார்வையில்லாத குட்டிகள். நேற்று மூன்றாவதாக ஒன்றைப் பற்றித் தொலைபேசி வந்தது. எடுத்துக்கொள்ளட்டுமா? கணவர் சரி என்கிறார்.
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: வேண்டாம். புதிதாக வரும் குட்டிக்கு வாரக்கணக்கில் தனியறை வேண்டும். அந்த அறையில் இப்போது இருவர் இருக்கிறார்கள். ஐந்து பெரிய நாய்களின் விறைப்பையும் கடைக்கண்ணையும் கண்காணிப்பது ஒரு குட்டிக்காகச் செய்தாலே முழுநேர வேலை. இருக்கும் இரண்டில் ஒன்றுக்கு வீடு கிடைத்து, அறையை ப்ளீச்சிங் திரவம் ஊற்றிக் கழுவி உலரவிட்ட பிறகு, அடுத்த அழைப்புக்குச் சரி சொல்லலாம். அதுவரை, உங்களைக் கேட்டவரிடம், கண்ணுக்கு மருந்துச் செலவையும் மருத்துவரிடம் கூட்டிப் போவதையும் நீங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, இடம் மட்டும் வேறு யாராவது கொடுக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.